படத்துக்குக் கீழே நம்ம பேர்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை. பேசியது பேசியபடியே, சில இடங்களில் மட்டும் திருத்தித் தரப்பட்டுள்ளது.)



எனக்குக் கொடுத்த தலைப்பு 'நூலகத்தில் நம் கண்காட்சி'. நடந்ததைச் சொல்லுங்க, சுருக்கமாச் சொல்லுங்கன்னு தலைவர் அக்கா சொல்லியிருக்காங்க. ஆனா நடந்ததைச் சொல்றதுக்கு முன்னாடி ஒரு கேள்விக்குப் பதில் சொல்லணும். போன மாதக் கூட்டத்தில் ஒரு அக்கா எழுந்து கேட்டாங்க: "மேளாவுல கடை போட்டா நாலு காசு வருது. நூலகத்துல படத்தை மாட்டி வெச்சா என்னங்க வரும்? அதுக்கு எதுக்குப் பொது நிதியில இருந்து பணம் எடுத்தீங்க?" இந்தக் கேள்வி தீர்மான நோட்டிலேயே பதிவாகி இருக்கு. நியாயமான கேள்விதான். பொது நிதி நம்ம எல்லாரோட பணம். கேட்டவங்க மேல எனக்கு வருத்தம் கிடையாது. அவங்களுக்குப் பதில் சொல்லத்தான் இந்த மேடைக்கு வந்திருக்கேன்.

முதலில் கணக்கைச் சொல்லிடறேன். நம்ம கிளை நூலகத்தின் வாசிப்புக் கூடத்தில் 5 நாள் கண்காட்சி நடந்தது. 19 பேர் கொண்டு வந்தாங்க. மொத்தம் 31 வேலைப்பாடுகள். சார்ட், கயிறு, கிளிப்பு, பேனர், வந்தவங்களுக்கு டீ எல்லாம் சேர்த்துச் செலவு 2,860 ரூபாய். நூலகத்துக்குள் நாம எதையும் விற்கலை. பார்த்துட்டுப் போனவங்க பிறகு கேட்டு வாங்கினதில் இதுவரை வந்தது 1,900 ரூபாய். அதுவும் செஞ்சவங்களுக்குப் போன பணம், கூட்டமைப்புக்கு வரலை. ஆக, பணக் கணக்குப் பார்த்தா நட்டம்தான். இதை நான் மறைக்கலை.

இனி மத்த கணக்குக்கு வர்றேன்.

நம்ம சங்கம் எப்படி ஆரம்பிச்சதுன்னு மூத்தவங்களுக்கு ஞாபகம் இருக்கும். தமிழ்நாட்டில் மகளிர் குழுத் திட்டம் 1989-ல், சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோட, பக்கத்துல தருமபுரி மாவட்டத்தில்தான் தொடங்கினது. கொஞ்ச காலத்தில் நம்ம சேலம் மாவட்டத்துக்கும் வந்தது. அப்போ நாமக்கல்லும் சேலத்தோட ஒண்ணா இருந்தது. 1997-ல்தான் நாமக்கல் தனி மாவட்டம் ஆச்சு. அந்தக் காலத்தில் குழுவுக்கு வந்த அக்காமாருக்கு முதல்ல சொல்லிக் கொடுத்தது என்ன? சேமிப்பா, கடனா? ரெண்டுக்கும் முன்னாடி கையெழுத்து. கட்டை விரலில் மை தடவிக் கைநாட்டு வெச்சவங்க, சிலேட்டில் எழுதி எழுதிப் பழகி, தீர்மான நோட்டில் தன் பேரைத் தானே எழுதினாங்க. முதல் தடவை எழுதினப்போ கை நடுங்கினதை இன்னைக்கும் சொல்ற ஆயாமார் இந்தக் கூட்டத்துலயே இருக்காங்க.

அந்தக் கையெழுத்தை அப்புறம் நாம எதுக்கெல்லாம் போட்டோம்? கடன் பத்திரத்துக்கு, வங்கி விண்ணப்பத்துக்கு, தவணை ரசீதுக்கு, ஜாமீனுக்கு. வாங்கின கடனுக்கெல்லாம் நம்ம பேர் இருக்கு. நம்ம கையால செஞ்ச வேலைக்கு மட்டும் நம்ம பேர் எங்கேயும் இல்லை. இந்தக் கண்காட்சியில் நாங்க செய்ய நினைச்சது அது ஒண்ணுதான். ஒவ்வொரு படத்துக்கும் கீழே செஞ்சவங்க பேரை எழுதி வைக்கிறது.

சின்ன விஷயம் மாதிரி தெரியுது இல்லைங்களா? அதுதான் எங்களுக்கு ரொம்பக் கஷ்டமா இருந்தது.

ஒரு தங்கச்சி. பேர் சொல்ல வேண்டாம்னு கேட்டுக்கிட்டாங்க. அவங்க வீட்டுக்காரர் லாரி பாடி பட்டறையில் பெயிண்டர். நம்ம பக்கம் பாடி கட்டுற பட்டறைகளைப் பத்தி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நாட்டின் எந்த மூலையில் இருந்தும் நாமக்கல்லுக்கு வந்து பாடி கட்டிக்கிட்டுப் போறாங்க. பாடியில் ரெண்டு பக்கமும் மயில், தாமரை, கொடி எல்லாம் வரையறாங்க இல்லையா, அதுக்கு மாதிரி போட்டுக் கொடுக்கிறது இந்தத் தங்கச்சி. ராத்திரி சோறாக்கி, பிள்ளைகளைத் தூங்க வெச்சுட்டு, சார்ட் அட்டையில் வரைஞ்சு கொடுப்பாங்க. அவர் அதைப் பட்டறையில் பாடி மேல ஏத்துவார். வேலை முடிஞ்சதும் ஓரத்துல பட்டறைப் பேரும் பெயிண்டர் பேரும் எழுதுறது வழக்கம். அது தப்புன்னு சொல்ல வரலை. ஏணியில் ஏறி, வெயில்ல நின்னு, பெயிண்ட் வாசத்துல கண்ணு எரிய வரையறது அவர்தான். ஆனா அந்த மயில் முதல்ல யாரு மனசுல தோகை விரிச்சது? அது எங்கேயும் எழுதலை. இப்போ ஸ்டிக்கர் வந்துட்டதால வரையற வேலையும் குறைஞ்சு போச்சு.

அவங்க 4 படம் கொண்டு வந்தாங்க. கீழே பேர் எழுதணும்னு சொன்னப்போ, "அவர் பேரைப் போட்டுடுங்கக்கா"ன்னு சொன்னாங்க. ஏன்னு கேட்டா, "எனக்கு எதுக்குக்கா, நாலு பேரு பார்ப்பாங்க"ன்னாங்க. நாலு பேர் பார்க்கத்தானே மாட்டுறோம்! மூணு நாள் பேசினோம். கண்காட்சி தொடங்குற அன்னைக்குக் காலையில்தான், "சரி, என் பேரே எழுதுங்க. அவருகிட்ட நான் சொல்லிக்கிறேன்"ன்னு வந்தாங்க. ரெண்டாம் நாள் சாயங்காலம் வீட்டுக்காரர் வந்தார். எங்களுக்கெல்லாம் கொஞ்சம் பயம்தான். அவர் பேசாம நின்னு பார்த்தார். பக்கத்துல இருந்த ஒருத்தர், "இது லாரியில போடுற மயிலாச்சே"ன்னு சொன்னதுக்கு, "ஆமாங்க, எங்க வீட்ல போடுறதுதான்"ன்னு பதில் சொன்னார். அவ்வளவுதான் பேசினார். அடுத்த நாள் பட்டறையில் இருந்து மூணு பேரைக் கூட்டிட்டு வந்தார்.

இன்னொரு அக்கா ஜவ்வரிசி மில்லில் காய வைக்கிற வேலைக்குப் போறவங்க. அவங்க கொண்டு வந்தது கோலம். நாம தினமும் போடுறதுதானே, அதைப் போய்க் கண்காட்சியில் வைக்கிறதான்னு எங்களுக்குள்ளேயே ஒரு பேச்சு வந்தது. 15 புள்ளியில் ஆரம்பிச்சு 8 வரை இடைப்புள்ளி வெச்சு, அவங்க அம்மா போட்ட கோலத்தைப் பெரிய தாளில் மையால் போட்டுக் கொண்டு வந்தாங்க. கூடவே அம்மாவோட பழைய கோல நோட்டையும் வெச்சாங்க. நோட்டில் ஒரு பக்கம் மளிகைக் கணக்கு, அடுத்த பக்கம் கோலம். காலையில் வாசல்ல போடுற கோலம் மத்தியானத்துக்குள்ள வண்டிச் சக்கரத்துல அழிஞ்சு போயிடும். அது 5 நாள் அழியாம சுவத்துல இருந்ததைப் பார்த்து அந்த அக்காவே, "எங்கம்மா இருந்திருந்தா பார்த்திருப்பாங்க"ன்னு சொன்னாங்க.

கோலம் அற்பம்னு நினைக்காதீங்க. சென்னை கிறித்தவக் கல்லூரியில் இருந்த கிஃப்ட் சிரோமணி என்ற பேராசிரியர், கூட இருந்த ஆய்வாளர்களோட சேர்ந்து, கோலத்தில் இருக்கிற ஒழுங்கைக் கணினி அறிவியலுக்குக் கொண்டு போனார். 1974-ல் அது வெளிநாட்டு ஆராய்ச்சி இதழில் கட்டுரையா வந்தது. ஒரு சின்ன வடிவத்தை விதிப்படி திரும்பத் திரும்பச் சேர்த்து எப்படிப் பெரிய கோலம் ஆகுதுங்கிறதுதான் விஷயம். நம்ம அம்மாயி விரல் நுனியில் வெச்சிருந்த கணக்கு அது. ஆராய்ச்சி செஞ்சவங்க பேர் நமக்குத் தெரியுது, அது நல்லதுதான். கோலத்தை உண்டாக்கினவங்க பேர்தான் ஒருத்தருக்கும் தெரியலை. ஏன்னா அவங்க யாரும் எழுதி வைக்கலை.

இதை ஏன் நூலகத்தில் வெச்சோம், கல்யாண மண்டபத்தில் வெச்சிருக்கலாமேன்னு சிலர் கேட்டாங்க. அதுக்கு நம்ம நாமக்கல்லிலேயே ஒரு காரணம் இருக்கு.

நாமக்கல் கவிஞர் ராமலிங்கம் பிள்ளையைத் தெரியாதவங்க இங்கே இருக்க மாட்டாங்க. காவிரிக் கரையில் நம்ம மோகனூரில் 1888-ல் பிறந்தவர். 1930-ல் ராஜாஜி தலைமையில் திருச்சியில் இருந்து வேதாரண்யத்துக்கு உப்பு எடுக்க நடந்து போன தொண்டர்கள், இவர் எழுதிக் கொடுத்த பாட்டைப் பாடிக்கிட்டேதான் போனாங்க. 1949-ல் சென்னை மாகாணத்தின் அரசவைக் கவிஞர் ஆனார். சென்னைக் கோட்டையில் இருக்கிற பத்து மாடி அரசு அலுவலகத்துக்கு இவர் பேர்தான், நாமக்கல் கவிஞர் மாளிகை. இதெல்லாம் பள்ளிக்கூடத்தில் படிச்சிருப்போம்.

ஆனா கவிஞர்னு பேர் வர்றதுக்கு முன்னாடியே அவர் ஓவியர். ஆளைப் பார்த்தால் அப்படியே உரிச்சு வெச்ச மாதிரி வரையக் கூடியவர். ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் முடிசூட்டுக் காலத்தில் வரைஞ்ச படத்துக்காகத் தங்கப் பதக்கம் வாங்கினவர். இன்னைக்கு அவர் பாட்டைச் சொல்லுங்கன்னா குழந்தைகூடச் சொல்லும். அவர் வரைஞ்ச ஒரு படத்தைச் சொல்லுங்கன்னா நம்மில் எத்தனை பேர் சொல்வோம்? நானும் சொல்ல மாட்டேன். பாட்டு வாய்க்கு வாய் நடந்து வேதாரண்யம் வரைக்கும் போயிடும். படம் அப்படி நடக்காது. அது இருக்கிற இடத்துக்கு நாமதான் போகணும். அதனால, யார் வேணும்னாலும் காசு கொடுக்காம, அனுமதி கேட்காம வந்து பார்க்கிற ஒரு சுவர் படத்துக்கு வேணும். நாமக்கல்லில் அவர் வாழ்ந்த வீடு இன்னைக்கு நினைவு இல்லம். அங்கே ஒரு நூலகம் நடக்குது. ஓவியர் வாழ்ந்த வீடே நூலகமா இருக்கிற ஊர்க்காரங்க நாம. நூலகத்தில் படம் மாட்டுறதுக்கு நாம யோசிக்கலாமா?

இன்னொரு காரணமும் இருக்கு. நூலகத்துக்குப் போனா அது அரசாங்கத்து இடம், படிச்சவங்க இடம்னு நம்மில் பல பேர் வாசல்லயே நின்னுடறோம். நான் சொல்றதைக் கவனிங்க. 1948-ல் நம்ம மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் பாடுபட்டு வந்த சட்டம். அந்தச் சட்டப்படி நூலக வரின்னு ஒண்ணு இருக்கு. நம்ம வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்க. ஒரு ரூபாய் வரிக்கு 10 பைசா நூலக வரி. ஓட்டு வீட்டுக்காரரும் கட்டுறார், மாடி வீட்டுக்காரரும் கட்டுறார். அந்தப் பணத்தில்தான் புத்தகம் வாங்குறாங்க, விளக்கு எரியுது, மின்விசிறி ஓடுது. ஆக, அந்தச் சுவர் நம்ம காசில் நிக்கிற சுவர். அங்கே போக நாம யாரிடமும் கூச்சப்பட வேண்டியதில்லை.

சுவரில் இருந்து தாளுக்கு வந்த பெண்கள் கதை ஒண்ணு சொல்லி முடிச்சிடறேன். பீகாரில் மிதிலைன்னு ஒரு பகுதி. சீதை பிறந்த ஊர்னு சொல்வாங்களே, அந்தப் பகுதிதான். அங்கே பெண்கள் கல்யாணத்துக்கும் விசேஷத்துக்கும் வீட்டு மண் சுவரில் படம் வரைவாங்க. நாம வாசல்ல கோலம் போடுற மாதிரி. யாரும் பேர் எழுத மாட்டாங்க. அடுத்த மழையில் சுவரோட போயிடும். 1966, 67-ல் பீகாரில் கடுமையான பஞ்சம். சோத்துக்கு வழியில்லை. அப்போ அகில இந்திய கைவினைப் பொருள் வாரியம், பாஸ்கர் குல்கர்ணி என்கிற ஓவியரை அனுப்பி, அந்தப் பெண்களுக்குத் தாள் கொடுத்து வரையச் சொன்னது. சுவரில் இருந்தது தாளுக்கு வந்தது. தாளில் வந்ததும் யார் வரைஞ்சதுன்னு கேள்வி வந்தது. கேள்வி வந்ததும் பேர் வந்தது. ஜகதம்பா தேவிக்கு 1975-ல் பத்மஸ்ரீ விருது. அதுக்கப்புறம் சீதா தேவி, கங்கா தேவி. 2021-ல் துலாரி தேவி. இந்தத் துலாரி தேவி, ஓவியர் வீட்டில் பாத்திரம் தேய்ச்சு வீடு கூட்டுற வேலைக்குப் போனவங்க. அங்கே பார்த்துப் பார்த்துக் கத்துக்கிட்டவங்க.

நமக்கு பத்மஸ்ரீ வரும்னு சொல்றதுக்காக இதைச் சொல்லலை. தாளும் சுவரும் பேரும் சேர்ந்தா என்ன ஆகும்னு சொல்றேன். பஞ்ச காலத்தில் அந்தப் பெண்களுக்குச் சோறு போட்டதும் அந்தப் படம்தான். ஆனா முதல்ல அது யாரோடதுன்னு ஊருக்குத் தெரிய வேண்டியிருந்தது. நம்ம மேளாவில் பொம்மைக்கு விலைச் சீட்டு இருக்கு, செஞ்சவங்க பேர்ச் சீட்டு இல்லை. விலை மட்டும் இருந்தா வாங்குறவர் பேரம் பேசுவார். பேரும் இருந்தா அடுத்த தடவை அந்தப் பேரைச் சொல்லித் தேடி வருவார்.

எங்களுக்கு அது நடந்தது. இளம்பிள்ளைப் பக்கம் நெசவு வீட்டில் இருந்து ஒரு தங்கச்சி சேலை முந்தானைக்குப் போட்ட மாதிரிகளைத் தாளில் வரைஞ்சு வெச்சிருந்தாங்க. பார்க்க வந்த ஜவுளிக்காரர் ஒருத்தர், கீழே இருந்த பேரைக் குறிச்சுக்கிட்டுப் போய் ஒரு வாரம் கழிச்சுத் தேடி வந்தார். கோல அக்காவை ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கக் கூப்பிட்டிருக்காங்க. இந்த 19 பேரில் அதுவரை நூலக உறுப்பினரா இருந்தவங்க ஒருத்தருமே இல்லை. இப்போ 7 பேர் அட்டை வாங்கிட்டாங்க. பார்வையாளர் நோட்டில் ஒரு சின்னப் பையன் எழுதியிருந்தான்: "எங்கம்மா படம் நல்லா இருக்கு." அந்த அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. நாங்க படிச்சுக் காட்டினோம். இதை நான் எந்தக் கணக்கில் எழுதுறது, வரவுலயா, இருப்புலயா? பொருளாளர் அக்காதான் சொல்லணும்.

மற்ற ஊர்க் குழுக்கள் செய்யணும்னு நினைச்சா, நாங்க பட்ட அனுபவத்தைச் சொல்லிடறேன். எழுதிக்கிறவங்க எழுதிக்கலாம்.

நூலகரைப் பார்த்துப் பேசி, ஒரு மாதம் முன்னாடியே மாவட்ட நூலக அலுவலருக்குக் குழு லெட்டர்பேடில் விண்ணப்பம் கொடுங்க. நூலகத்து வாசகர் வட்டத்தையும் சேர்த்துக்குங்க. அவங்க உதவி பெரிய உதவி.

படிக்க வர்ற பிள்ளைகளுக்கு, முக்கியமா தேர்வுக்குப் படிக்கிறவங்களுக்கு, இடைஞ்சல் வரக் கூடாது. ஒரு பக்கச் சுவர் போதும். திறப்பு விழாவுக்கு மைக் செட் வேண்டாம்.

சுவரில் ஆணி அடிக்காதீங்க. செல்லோ டேப்பையும் நம்பாதீங்க. முதல் நாள் மின்விசிறிக் காத்துல எங்களுக்கு 6 படம் கீழே விழுந்து, ஒண்ணு மடங்கியே போச்சு. ஜன்னல் கம்பிக்குக் கம்பி நைலான் கயிறு கட்டி, ரெண்டு கிளிப்பு போட்டுத் தொங்க விட்டா அசையாது. வெயில் படுற பக்கம் வேண்டாம், நிறம் போயிடும்.

ரொம்ப உயரத்தில் மாட்டாதீங்க. பள்ளிக்கூடப் பிள்ளை நிமிராம பார்க்கணும்.

சீட்டில் அஞ்சு விஷயம் எழுதுங்க: பேர், ஊர், குழுவின் பேர், எதில் செஞ்சது, எந்த வருஷம். எழுதத் தெரிஞ்சவங்க அவங்க கையாலேயே எழுதட்டும். எழுத்து கோணலா இருந்தா இருக்கட்டும். போன் நம்பரைச் சீட்டில் போடாதீங்க, அது பொறுப்பாளர் நோட்டில் இருந்தால் போதும். தேவையில்லாத தொந்தரவு வரும்.

ஒரு நோட்டும் பேனாவும் வாசல் பக்கம் வையுங்க. வந்தவங்க எழுதுறதைப் பத்திரமா வெச்சுக்குங்க.

கடைசியா, கேள்வி கேட்ட அந்த அக்காவுக்கு. அக்கா, நீங்க கேட்டது சரி. நூலகத்தில் மாட்டினா உடனே காசு வராது. மேளாவும் வேணும், அதை விட வேண்டாம். ஆனா வருஷத்துல ஒரு வாரம், நம்ம காசில் நிக்கிற அந்தச் சுவரில், நாம செஞ்சதுக்குக் கீழே நம்ம பேரை எழுதி வைக்கணும்னு நான் கேட்டுக்கிறேன். கடனுக்குக் கையெழுத்துப் போடக் கத்துக் கொடுத்த சங்கம் இது. கைவேலைக்கும் கையெழுத்துப் போடக் கத்துக் கொடுக்கட்டும். இதை இன்னைக்குத் தீர்மானமா வைக்கிறேன். செலவு 3,000 ரூபாய்க்கு மேல போகக் கூடாதுன்னும் அதுலயே எழுதிக்கலாம். அந்த அக்கா வீட்டில் பனையோலையில் முடையற கூடையை நான் பார்த்திருக்கேன். அடுத்த வருஷம் முதல் சீட்டு அவங்க பேரில் எழுதணும்னு எனக்கு ஆசை.

சம்மதம் இருக்கிறவங்க கை தூக்குங்க. கை தூக்கினவங்க, கூட்டம் முடிஞ்சதும் மறக்காம நோட்டில் கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க.